எந்த போனில் பாட்டு நன்றாகக் கேட்கும்? – வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்பதால் இந்தப் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இயர்போன் சமாசாரம். அதனால் சார்ஜர், பேட்டரிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் போன் 18,000 ரூபாய். நண்பனுடையது அதைப்போல நாலு மடங்கு. என் வயர்லெஸ் பட்ஸையே இரண்டிலும் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்டோம். அவன் போனில் பாட்டு கும்மென்று இருக்கிறது, என்னுடையதில் சப்பென்று. பாட்டுக்காக போனை மாற்றலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

வேண்டாம் தம்பி, காசு உங்களிடமே இருக்கட்டும். வயர்லெஸ் பட்ஸ் மாட்டிக்கொண்டால், பாட்டை எண்களாகவே புளூடூத்தில் அனுப்பிவைப்பதோடு போனின் வேலை முடிந்தது. அந்த எண்களை மின்சார அலையாக்குகிற டேக் என்ற சிப்பும், அந்த அலைக்குத் தெம்பு கொடுக்கிற ஆம்ப்பும் உங்கள் பட்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு போனிலும் உங்கள் காதில் பாடியது அந்த பட்ஸ்தான்.

பிறகு ஏன் வித்தியாசம்? முதலில் அவர் போனில் சவுண்ட் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். டால்பி அட்மாஸோ, ஈக்வலைசரோ, கம்பெனி தன் பெயரில் வைத்த ஏதோ ஒரு ‘சவுண்ட்’டோ ஆன் ஆகியிருக்கும். அது பேஸையும் உச்ச ஒலிகளையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பத்து நிமிஷத்துக்கு அமர்க்களமாக இருக்கும், ஒரு மணி நேரம் போனால் தலை வலிக்கும்.

அடுத்தது சத்தத்தின் அளவு. ஒரு போன் அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாகப் பாடினால் நம் காதுக்கு ‘சத்தம் கூடுதல்’ என்று தெரியாது, ‘தெளிவு கூடுதல்’ என்றுதான் தோன்றும். ஷோரூம்களில் விற்க வேண்டிய ஸ்பீக்கரை ஒரு புள்ளி கூட்டி வைப்பது எங்கள் தொழிலில் பழைய வித்தை.

மூன்றாவது கோடெக். புளூடூத்தில் பாட்டை எப்படிச் சுருக்கி அனுப்புவது என்கிற முறை அது. எஸ்பிசி எல்லாக் கருவியிலும் உண்டு. ஏஏசி பெரும்பாலானவற்றில் உண்டு. சோனியின் எல்டேக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஆண்ட்ராய்டிலேயே சேர்ந்துவிட்டது. ஐபோனில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டும்தான். ஐபோன் வைத்துக்கொண்டு எல்டேக் என்று அட்டையில் போட்ட பட்ஸைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்கள் வாரம் ஒருவராவது கடைக்கு வருகிறார்கள். உங்கள் போனில் புளூடூத் பட்டியலில் பட்ஸின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, எச்டி ஆடியோ அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இரண்டு போனை உண்மையிலேயே ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும் என்றால், வயர் உள்ள இயர்போனில் ஒப்பிடுங்கள். ஒரே இயர்போன், ஒரே பாட்டு, ஒரே ஃபைல். எல்லா எஃபெக்ட்டையும் அணைத்துவிடுங்கள். நான் கடையில் செய்வது இது: 100 ஹெர்ட்ஸில் ‘ஊ’ என்று ஒரே சீராக ஒலிக்கிற ஃபைல் ஒன்று இரண்டு போனிலும் இருக்கும். ஒரு ஜாக்கை இரண்டு துளையாக்குகிற ஸ்ப்ளிட்டரில் ஒரு துளைக்கு இயர்போன், இன்னொன்றுக்கு வெட்டின வயர். அந்த வயர் முனையில் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு போனும் ஒரே எண்ணைக் காட்டும்வரை வால்யூமைத் திருத்துவேன். இயர்போன் மாட்டியபடியேதான் அளக்க வேண்டும். வெறும் ஜாக்கில் அளந்தால் எண் சமமாக வரும், மாட்டியதும் ஒன்று கீழே இறங்கிவிடும். அப்புறம் வாங்க வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றிக் கொடுப்பேன். எந்த போன் எது என்று அடித்துச் சொல்கிறவர்கள் அரிது.

எந்தப் பாட்டு போடுவது என்று அடுத்து கேட்பீர்கள். நான் வீணை போடுவேன். காரைக்குடி சகோதரர்களால் வீணையில் தனிப் பாணிக்கே பெயர் கொடுத்த ஊர் இது, அந்தப் பாசம் வேறு. நகம் தந்தியில் படும் சின்ன ‘டிக்’, அதன் பின் நாதம் தேய்ந்து அடங்குகிற விதம், ஓரத்தில் மூன்று தாளத் தந்திகள். ‘டிக்’, நாதம், தாளத் தந்தி என எல்லாம் தனித்தனியாகக் கேட்டால் அந்த போனும் இயர்போனும் நல்லவை. சுருக்கம் அதிகமான புளூடூத்தில் முதலில் மழுங்குவது அந்த ‘டிக்’தான். கும்கும் பாட்டில் இதெல்லாம் பிடிபடாது.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. போன வாரத்திலிருந்து வயர் இயர்போனில் எந்தப் பாட்டைப் போட்டாலும் பாடுகிறவர் குரல் காணாமல் போகிறது. மியூசிக் மட்டும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. போன் மாற்ற வேண்டுமா?

அண்ணே, உங்கள் போன் ஜாக்கில் சிமெண்டும் மணலும் குடியிருக்கிறது. இயர்போனைச் செருகுகிற பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் அதை நாலு துண்டாகப் பிரிக்கும். இடது, வலது, மின்சாரம் திரும்பிப் போகிற கிரவுண்ட், மைக். துளையின் அடியில் தூசி இறுகிவிட்டால் பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். அப்போது கிரவுண்ட் தொடாது. கிரவுண்ட் இல்லாவிட்டால் மின்சாரம் இடது காது வழியாகப் போய் வலது காது வழியாகத் திரும்புகிறது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும். பாடகர் குரலை ரிக்கார்டிங்கில் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். சமமாக இருப்பது ஒன்றை ஒன்று தின்றுவிடும். குரல் போய், ஓரத்தில் வைத்த வயலினும் எதிரொலியும் மிச்சம் நிற்கும்.

போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, பல் குத்துகிற மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி வெளியே தட்டுங்கள். ஊக்கு, குண்டூசி ஆகாது, உள்ளே உள்ள பித்தளை நாக்கு வளைந்துவிடும். தேங்காய் எண்ணெய் விட்டு என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு, தயவுசெய்து அந்தப் பட்டியலில் சேராதீர்கள். சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் இயர்போனின் நடுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும்வரை குரல் திரும்பி வந்தால், அது மைக்கும் கிரவுண்டும் இடம் மாறின பழைய வகை இயர்போன். இந்த போனுக்கு ஒத்துவராது.

கேள்வி: என் புது போனில் ஜாக் இல்லை. டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. மாட்டினால் சத்தமே வரவில்லை. நண்பர் போனில் அதே கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. என் போன் பழுதா?
– புதுவயல் வாசகர்

போனில் கோளாறு இல்லை. டைப்-சி கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் வயர். போன் தன் சொந்த டேக்கிலிருந்து ஒலியை டைப்-சி துளை வழியாக வெளியே விட்டால்தான் அது பாடும். உங்கள் போன் அப்படி விடாத ரகம். இன்னொன்றில் கன்வெர்ட்டர் உள்ளேயே டேக் சிப் இருக்கும், அது கிட்டத்தட்ட எல்லா போனிலும் வேலை செய்யும். வாங்கும்போது ‘உள்ளே டேக் இருக்கிறதா’ என்று கேட்டு வாங்குங்கள்.

2016-இல் ஐபோன் 7-இல் ஆப்பிள் ஜாக்கை எடுத்தபோது நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அதே ஆப்பிள் விற்கிற டைப்-சி கன்வெர்ட்டர், சுண்டுவிரல் அளவுகூட இல்லாதது, பல விலை உயர்ந்த போன்களின் பழைய ஜாக்கைவிடச் சுத்தமாகப் பாடுகிறது. ஒரே குறை, சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் குறைவாக வரும். கடையிலேயே உங்கள் போனில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மகன் பெரிய ஹெட்போன் கொண்டுவந்தான். 300 ஓம் என்று போட்டிருக்கிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.
– தேவகோட்டை வாசகர்

ஐயா, அது ஆம்ப் வைத்துக் கேட்க வேண்டிய சாமான். ஓம் என்பது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்கிற அளவு. போன் ஜாக்கில் 1 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். சாதாரண 32 ஓம் இயர்போனுக்கு அது 31 மில்லிவாட் கொடுக்கும், 300 ஓமுக்குப் போவது 3 மில்லிவாட் சொச்சம். வில்லுவண்டி மாட்டை லாரியில் பூட்டின கதை. மகனிடம் சொல்லி ஒரு சின்ன டேக்–ஆம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்போனை விற்றுவிடாதீர்கள், ஆம்ப் வந்த பிறகு அதன் அருமை தெரியும்.

கேள்வி: வயது 74. வலது காது மந்தம். இயர்போனில் பாட்டில் பாதி வாத்தியம் கேட்பதே இல்லை. தவிர, பழைய பாட்டெல்லாம் புது போனிலும் கரகரவென்றே இருக்கிறதே?
– கானாடுகாத்தான் வாசகர்

முதல் கேள்விக்கு மருந்து உங்கள் போனிலேயே இருக்கிறது. செட்டிங்கில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் இரண்டு பக்கத்து ஒலியும் கலந்து இரண்டு காதிலும் வரும். இடது காதிலேயே முழுப் பாட்டும் கிடைத்துவிடும். பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை.

இரண்டாவதற்கு மருந்து கிடையாது. நீங்கள் கேட்கிற காலத்துப் பாட்டெல்லாம் இசைத்தட்டில் வந்தவை, பெரும்பாலும் இடது வலது பிரிவே இல்லாத மோனோ. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்கும் முன்பே இசைத்தட்டு வியாபாரம் பார்த்தவர். அவருடைய ஸ்டூடியோ 1940-களில் நம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. அந்தக் காலத்து மைக்கும் தட்டும் பிடித்துவைத்தது அவ்வளவுதான். தேய்ந்த தட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருந்தால் எத்தனை லட்ச ரூபாய் போனானாலும் தேய்மானத்தைத்தான் துல்லியமாகக் காட்டும். ஒரே பாட்டு இணையத்தில் பலர் கைப்பட ஏற்றிக் கிடக்கும், இரண்டு மூன்றைக் கேட்டு நல்லதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். முகப்பில் வைத்து அழகு பார்க்கலாம், நிதம் பாட்டுக் கேட்க ஆகாது.

கேள்வி: என் இயர்போனில் பேஸே இல்லை. பேஸ் பூஸ்ட் ஆப் எது நல்லது?
– மாணவி, பள்ளத்தூர்

ஆப் வேண்டாம்மா, ரப்பரை மாற்றுங்கள். டப்பாவில் மூன்று சைஸ் ரப்பர் முனை கொடுத்திருப்பார்கள், எல்லாரும் கம்பெனி மாட்டிவிட்ட நடு சைஸோடே காலம் தள்ளுகிறார்கள். காதுத் துளையில் இடைவெளி இருந்தால் முதலில் ஒழுகிப்போவது பேஸ்தான். இரண்டையும் மாட்டிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே கனத்து முழங்கினால் அடைப்பு சரி. இல்லையென்றால் அடுத்த சைஸ். இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு வேறொன்று என்று அமைவதும் சகஜம்.

இன்னொன்று, மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது காது பேஸைக் குறைத்துத்தான் வாங்கும். இதை 1933-இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரியில் வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மெதுவாக வைத்துக் கேட்டால் பேஸ் குறைந்துதான் தெரியும். அப்போது மட்டும் ஈக்வலைசரில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மகன் தினமும் மதுரைக்கு பஸ்ஸில் போய் வருகிறான். வழியெல்லாம் காதில் பாட்டுத்தான். காது கெட்டுவிடுமா?
– கண்டனூர் வாசகி

ஆச்சி, எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பதோடு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சல், அதோடு டிரைவர் போட்ட பாட்டு, இரண்டையும் தாண்ட நம் பிள்ளைகள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அதில்தான் ஆபத்து. காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனையோ, இரைச்சலை அமுக்குகிற வசதியுள்ள பட்ஸோ வாங்கிக் கொடுங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூம் தானே இறங்கும். இறங்கிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்று கேட்கிறது என்று சொன்னால், என் கடைக்கு வேண்டாம், காது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் உள்ள போன் சாதாரண போனைவிட மேலா?

அட்டையில் மேல், காதுக்கு அல்ல. ஒலியை எண்ணாக்கும்போது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது பிட், நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறோம் என்பது இந்தக் கிலோஹெர்ட்ஸ். அதில் பாதி வரை உள்ள ஒலி பிடிபடும். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காது எட்டுகிற 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் பிடிக்கும். எல்ஜி 2016-இல் வி20 போனில் நாலு டேக் சேர்ந்த சிப்பே வைத்தது. அருமையான ஜாக் அது, நானும் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறேன். அப்படியும் 2021-இல் போன் வியாபாரத்தையே மூடிவிட்டார்கள்.

கேள்வி: கையில் மொத்தம் 15,000 ரூபாய். பாட்டுக் கேட்பதுதான் முக்கியம். போனுக்கு எவ்வளவு, இயர்போனுக்கு எவ்வளவு?
– கோட்டையூர் வாசகர்

ஜாக் உள்ள போனாகப் பார்த்து 12,000-க்குள் முடியுங்கள். இந்த விலையில் இன்னும் கிடைக்கிறது. மிச்சத்தில் 2,000 ரூபாய் சுமாருக்கு வயர் உள்ள இயர்போன் ஒன்று. முன்பெல்லாம் போனுடன் இலவசமாக வந்த இயர்போனுக்கும் இதற்கும் உள்ள தூரம், 12,000 போனுக்கும் 80,000 போனுக்கும் பாட்டில் உள்ள தூரத்தைவிடப் பெரிது. வயரைக் கழற்றி மாட்டுகிற ரகமாக, 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின் உள்ளதாகப் பாருங்கள். இயர்போனில் முதலில் போவது வயர்தான், செருகுகிற முனை கிட்டே அறுந்துபோகும். கழற்றுகிற ரகம் என்றால் வயரை மட்டும் வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம், என்னிடம் ஈயம் வைக்கக் கொண்டுவர வேண்டியதில்லை.