சூச்சோவின் புழக்கடை

அன்புள்ள ஐயா,

சீனாவின் சூச்சோ நகரத்துக் கால்வாய்களில் நீங்கள் எடுத்த படங்களைப் பார்த்தேன். சிவப்பு விளக்குகளும் அலங்காரப் படகுகளும் இருக்கும் என்று நினைத்தேன். மாப்பும் வாளியும் காயும் துணியும்தான் இருந்தன. அந்த மக்களின் வறுமையைக் காட்ட நினைத்தீர்களா? அவர்களைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா? ஏப்ரலில் நானும் போகிறேன். எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது வறுமை இல்லை. ஊர் கட்டப்பட்ட விதமே அப்படி. அங்கே தெருவும் கால்வாயும் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. கரையோரத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். 1229இல் கல்லில் செதுக்கிய நகர வரைபடம் ஒன்று அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 300க்கு மேற்பட்ட பாலங்கள் அதில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு பிங்ஜியாங் தெருவுக்குப் போனால், வரைபடத்தில் உள்ள கால்வாய் இன்னும் அதே இடத்தில் ஓடுவது தெரியும்.

பின்வாசலிலிருந்து தண்ணீருக்குக் கற்படிகள் இறங்கும். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகும் மாப்பை அலச அங்கேதான் வருகிறார்கள். ஒரு பாட்டி மாப்பைப் படியில் இரண்டு தட்டு தட்டி, தண்ணீருக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரின் நிழல் மொத்தமும் தண்ணீரில் கலைந்துபோய், மறுபடி கூடிவர அரை நிமிடம் ஆனது. நீங்கள் பார்த்த மூன்றாவது படம் அந்த அரை நிமிடத்தில் எடுத்தது.

கேட்டுத்தான் எடுத்தேன். முதல் நாள் கேமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்று சைகை செய்தேன். வேண்டாம் என்று பாட்டி கையை ஆட்டினார். சரி என்று மூடிவிட்டேன். மூன்றாம் நாள் அவரே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது அவர்களுடைய புழக்கடை. நம் வீட்டுக் கொல்லையில் ஒருவர் கேமராவோடு வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? தலையசைப்பு கிடைக்காத படங்களை நான் வெளியிடுவதில்லை.

ஏப்ரலில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். அப்போதே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்தபின் பிங்ஜியாங்கில் முதுகுகள்தான் கிடைக்கும். ஷான்தாங் கால்வாய் 825இல், கவிஞர் பாய் ஜூயி சூச்சோவை நிர்வகித்தபோது வெட்டியது. அங்கே விளக்குக் கடைகளோடு நின்றுவிடாமல் புலிக்குன்று பக்கமாக நடந்துகொண்டே இருங்கள். கூட்டம் குறையும், வீடுகள் வரும். தூறினால் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள், நனைந்த கல்லும் கறுப்பு ஓடும் அப்போதுதான் நிறம் காட்டும். வெள்ளைச் சுவர் கேமராவை ஏமாற்றும், படம் சாம்பலாக விழும். கேமராவில் ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள்.

அப்புறம், ஒரு நாளாவது ஊருக்குத் தெற்கே, 53 வளைவுகள் கொண்ட பாவ்தாய் பாலத்துக்குப் போங்கள். பெய்ஜிங்கையும் ஹாங்சோவையும் இணைக்கும் பெருங்கால்வாய் அங்கே பக்கத்தில் ஓடுகிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியும் அது இன்னும் சரக்குப் பாதைதான். மணல் ஏற்றிய படகுகள், விளிம்பைத் தண்ணீர் தொடுகிற அளவுக்கு அமிழ்ந்து போகும். அவற்றின் பின்பக்கம்தான் வீடு: கொடியில் துணி, தொட்டியில் வெங்காயத் தாள், சிலவற்றில் ஒரு நாய். அங்கே தூரத்தை அருகில் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் வேண்டும். மற்ற இடங்களுக்கெல்லாம் 35 போதும்.