ஆங்கிலம் அறிவோம்: கேள்வி பதில்

கேள்வி: 'கோ' என்ற வினைக்கு இறந்தகாலம் எப்படி 'வென்ட்' ஆனது? நான்காம் படிவம் படிக்கும் மகள் கேட்கிறாள். (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். 'வென்ட்', 'கோ'வுக்குப் பிறந்ததே அல்ல. திரும்பு, வழியே செல் என்ற பொருளுடைய 'வெண்டு' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது. செண்டு, சென்ட், ஸ்பெண்டு, ஸ்பென்ட் என்பவற்றோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், உறவு விளங்கும். பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு வேறொரு இறந்தகால வடிவம் இருந்தது. அது வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டையொட்டி 'வென்ட்' அந்த இடத்தில் நிலைத்தது. இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்டு'வுக்கு 'வெண்டட்' என்ற புது வடிவம் வந்தது.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு. மலாயில் 'போ' என்று பொருள்படும் 'பெர்கி' எக்காலத்திலும் மாறாது. முன்னால் 'ஏற்கெனவே' என்ற பொருளுடைய 'சூடா' சேர்த்தால் போதும். அதே பழக்கத்தில் 'ஐ ஆல்ரெடி கோ' என்று எழுதிவிடுகிறார்கள். 'டிட் நாட் வென்ட்' என்பதும் தவறு. 'டிட்' காலத்தைக் காட்டிவிட்டதால், அடுத்து 'கோ'தான் வர வேண்டும்.

கேள்வி: 'பாரோ', 'லெண்ட்' குழப்புகின்றன. (வாசகர், செந்தூல்)

பதில்: 'பாரோ'வின் வேர்ப்பொருள் பிணை, ஈடு, எனவே அது இரவல் வாங்குபவரின் வினை. 'லெண்ட்' என்பது 'லோன்' என்ற சொல்லின் உறவு, கொடுப்பவரின் வினை. 'பாரோ மீ யுவர் பென்' தவறு, 'லெண்ட் மீ யுவர் பென்' சரி.