மாதம் பத்துக் காதல் கதைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காதல் கதைகள் மட்டுமே படிப்பவள். அம்மா சேர்த்து வைத்திருந்த ரமணிசந்திரன் நாவல்களில் ஆரம்பித்த பழக்கம், இன்னும் விடவில்லை. இந்த வருடம் மாதம் பத்துப் புத்தகம் என்று இலக்கு வைத்திருக்கிறேன். போன மாதம் ஏழுதான் முடிந்தது. மோகமுள்ளைக் கையில் எடுத்துவிட்டு, இதைத் தொட்டால் கணக்கு உதைக்கும் என்று திரும்ப வைத்துவிட்டேன். அலுவலகத்தில் ஒருவர், "கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தும் எப்படித்தான் படிக்கிறீர்களோ" என்று சிரித்தார். பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சமீபத்தில் படித்ததில் பிடித்த காதல் கதைகள் எவை? இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்களை எண்ணிக்கையில் சேர்க்கலாமா?

கவிதா, திருச்சி

அன்புள்ள கவிதா,

வேலைக்கும் போய்க்கொண்டு மாதம் ஏழு புத்தகம் படித்துவிட்டு, அதற்காக வருத்தப்பட்டு கடிதமும் எழுதுகிறீர்கள். நல்ல ஆள்தான்.

இலக்கு வைப்பதில் தப்பே இல்லை. நானும் வைப்பதுண்டு, இல்லாவிட்டால் ராத்திரி ரீல்ஸ் தள்ளித் தள்ளியே தூங்கிப்போவேன். ஆனால் இந்தப் பத்து உங்களை என்ன செய்திருக்கிறது பாருங்கள், மோகமுள்ளை எடுத்த கையாலேயே திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறது. தி. ஜானகிராமன் அந்த நாவலில் அவசரமே படுவதில்லை. பாபுவுக்கும் அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனாவுக்கும் நடுவில் இருப்பது என்ன என்று சொல்ல கும்பகோணம், ரங்கண்ணாவின் சங்கீதம், சுற்றியிருக்கும் மனிதர்கள் என்று எங்கெங்கோ போய்விட்டு வருவார். பாபு அவ்வளவு வருடம் காத்திருக்கிறானே, படிக்கிற நாம் ஒரு மாதம் இருக்க மாட்டோமா? ஒரு மாதம் முழுக்க அது ஒன்றுக்கே போகட்டும். எண்ணிக்கையில் ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

உங்கள் அலுவலகக்காரரின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த புத்தகமும் அதிலேயே வந்துவிடும். அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு வகுத்த இலக்கணத்தில் மொத்தமே இரண்டு விஷயம்தான்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ஆக, சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டேதான் நாம் முதல் பக்கத்தைத் திறக்கிறோம். எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது ஜேன் ஆஸ்டினின் 'பெர்ஸுவேஷன்'. சமீபத்தில் மறுபடி படித்தேன், இந்த வருடம் என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். கதாநாயகி ஆனுக்கு வயது 27. எட்டு வருடத்துக்கு முன்னால், பணமில்லாத கடற்படைக்காரன் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வெண்ட்வொர்த்தை வேண்டாம் என்றவள். இப்போது அவன் கேப்டனாக, கையில் காசோடு, மனசில் கோபத்தோடு திரும்பி வந்திருக்கிறான். சேர்ந்துவிடுவார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆஸ்டின் இதை 1816 ஜூலையில் எழுதி முடித்தார். முதலில் எழுதிய முடிவில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்கள், வெண்ட்வொர்த் வேறு ஒருவர் சொல்லியனுப்பிய கேள்வியைத் தட்டுத் தடுமாறி அவளிடம் கேட்கிறான், அவள் மறுக்கிறாள், விஷயம் வெளியே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். முடிந்தது. அவருக்கு அது திருப்தியாக இல்லை. உடம்பு முடியாத நேரத்திலும் உட்கார்ந்து மாற்றி எழுதினார். மாற்றியதில் வருவது பாத் நகரத்து விடுதி அறை. வெண்ட்வொர்த் ஓரமாக உட்கார்ந்து வேறு யாருக்கோ ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரம் ஆன் அவனுடைய நண்பனிடம், நம்பிக்கையே போன பிறகும் விடாமல் நேசிப்பது பெண்களா ஆண்களா என்று விவாதிக்கிறாள். பேனா கீழே விழும் சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் அவன் எழுந்து போகிறான், கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறான், காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி அவள் முன்னால் வைத்துவிட்டு மறுபடி போய்விடுகிறான். அதே கல்யாணம், அதே ஜோடி. 1817 ஜூலையில் ஆஸ்டின் இறந்துபோனார், புத்தகம் அந்த டிசம்பரில்தான் வெளிவந்தது. தள்ளிவைத்த அந்தப் பழைய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்படியும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் மலையாள எழுத்தாளர் பஷீரின் 'மதில்கள்'. சுகுமாரன் மொழிபெயர்ப்பு, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். உங்கள் பத்துக்கும் உதவும்! திருவனந்தபுரம் சிறையில் பஷீர் இருக்கிறார், மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி என்று ஒரு குரல். முகம் கிடையாது. தான் வந்துவிட்டதற்கு அடையாளமாக அவள் ஒரு காய்ந்த குச்சியை மேலே எறிவாள், இவர் மதிலுக்கு மேல் தெரியும் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் குச்சி மேலே எழும்புவதை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன், அவ்வளவுதான் சொல்வேன். அமெரிக்கச் சங்கத்தின் இலக்கணப்படி இது ரொமான்ஸில் சேருமா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வும் சின்னப் புத்தகம்தான், போர்க்கால கிர்கீசியக் கிராமம், தானிய மூட்டை ஏற்றிய வண்டிகள், காலில் காயத்தோடு போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவனின் பாட்டு. தமிழில் கிடைக்கிறது, தேடி எடுங்கள்.

காதல் கதை மட்டும் படிப்பதற்காகக் கூச்சப்படுவதாகக் கடிதத்தில் ஒரு வாடை அடிக்கிறது. எட்டுத்தொகையில் ஐந்து நூல் முழுக்க அகம்தான் என்று பட்டிமன்றத்துக்காரர்கள் மாதிரி ஆரம்பித்துவிடலாம், வேண்டாம். ஆனால் குறுந்தொகையை உரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரியிலிருந்து எட்டு வரி வரைக்கும்தான் ஒரு பாட்டு, தூங்கப் போகுமுன் ஒன்று போதும். மொத்தம் 401 இருக்கின்றன, வருடம் தாண்டிப் போகும். இதை மாதக் கணக்கில் எந்த மாதத்தில் சேர்ப்பீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

இந்த மாதத்துக்கு என் யோசனை கேட்டால், மோகமுள், இடையில் மூச்சுவிட ஒரு ரமணிசந்திரன், ஒரு மொழிபெயர்ப்பு. மூன்று. அதற்கு மேல் படித்தால் லாபம்.

தொடர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் முடிந்த பிறகு. நாயகன் விமான நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது 'அடுத்த பகுதி விரைவில்' என்று போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் அங்கே நிறைய. நான் இப்படி ஒரு தொடரில் மாட்டிக்கொண்டு இன்னும் முழிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா