‘போதாது’ என்றால் ‘வீண்’ என்றா பொருள்?

கேள்வி: ஒன்பது வருடங்களாக ஒரே நிறுவனத்தில் உழைக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர், நான் விடுப்பில் இருந்த வாரத்தில் வந்த ஒரு அவசர வேலையை முடித்துக்கொடுத்துப் பதவி உயர்வு வாங்கிவிட்டார். நண்பர் ஒருவர் ஆறுதலாக வேதாகமத்திலிருந்து பிரசங்கி 9:11-ஐ அனுப்பினார்: வேகமும் ஞானமும் போதாது, ‘சமயமும் தேவச்செயலும் நேரிடவேண்டும்’. அப்படியானால் தேவன் என்னை வேண்டாம் என்றுவிட்டாரா, ஐயா?

பதில்: நண்பர் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார், தம்பி. ஆனால் வசனம் போய்ப் பட்டது ஏற்கெனவே வலிக்கிற இடத்தில்.

‘தேவச்செயல்’ என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எபிரெயத்தில் அங்கே இருப்பது ‘பெகா’. வழியில் எதிர்ப்படுவது, நேர்ந்துவிடுவது, அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் இரண்டே இடத்தில் வருகிறது. மற்றது 1 இராஜாக்கள் 5:4. ‘விரோதியும் இல்லை, இடையூறும் இல்லை’ என்று சாலொமோன் ராஜா சொல்கிறாரே, அந்த இடையூறுதான்! தேவன் இருவரையும் எடைபோட்டு உங்களைத் தள்ளினார் என்று பிரசங்கி சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் வலையில் அகப்படும் மீனைக் காட்டுகிறார். அந்த மீன் என்ன தப்பு செய்தது?

அப்புறம், வேகமும் ஞானமும் ‘போதாது’ என்றுதான் நம் வேதாகமத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று இல்லை. அதற்கு முந்தின வசனமே, கைக்கு நேரிடுவதை ‘உன் பெலத்தோடே செய்’ என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் வெட்டி அனுப்புகிறோம். (நானும் அனுப்பியிருக்கிறேன்.)

வேதாகமத்தில் வரும் ஏழை விதவை ரூத்தைப் பாருங்கள். பின்னாளில் தன்னை மணந்த போவாசின் வயலுக்கு அவள் போய்ச் சேர்ந்ததை ‘தற்செயலாய்’ என்றே வேதம் சொல்கிறது. ஆனால் கதிர் பொறுக்க அவள்தான் கிளம்பினாள். நீங்களும் தினமும் கிளம்புகிறவர்தான், சரி. ஒன்பது வருடமும் ஒரே வயலில், ஒரே வரப்பிலா? காலையில் விதை, மாலையிலும் கையை நெகிழவிடாதே, எது வாய்க்கும் என்று உனக்குத் தெரியாது என்கிறது பிரசங்கி 11:6. வேறு பிரிவில் ஒரு வேலை, புதிதாக ஒரு பொறுப்பு என்று இன்னொரு பக்கமும் விதைத்துப் பாருங்கள்.

பதவி உயர்வு வேண்டும் என்று மேலதிகாரியிடம் எப்போதாவது வாய்திறந்து கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.