எடை குறைக்க அளவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் நாள் முழுக்கப் பசிக்கிறதே, என்ன செய்வது?

காலை 2 இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் சாம்பாரும், இரவு 2 சப்பாத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பசிக்காவிட்டால்தான் ஆச்சரியம். வாயைக் கட்டத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புரதத்தைக் கூட்டிப் பாருங்கள்: இட்லியில் 4 கிராம், சோறு சாம்பாரில் 8, சப்பாத்தியில் 6. தொட்டுக்கொள்வதையும் டீயையும் சேர்த்தாலும் 25 கிராம் பக்கம்தான் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சாதாரண நாளிலேயே 50 கிராம் தேவை. எடை குறைக்கும் காலத்தில் 70 வரை போகலாம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது).

காலையிலிருந்து மாற்றுங்கள். அதே 2 இட்லியோடு 2 அவித்த முட்டை. 150 கலோரிதான் கூடும், புரதம் 12 கிராம் ஏறிவிடும். அந்த 150-ஐத் தேங்காய்ச் சட்னியை விட்டுச் சாம்பாருக்கு மாறியும், தாளிக்கும் எண்ணெயைக் குறைத்தும் ஈடுகட்டலாம். முட்டை சாப்பிடாதவர்கள் இட்லிக்குப் பதில் பச்சைப்பயறு தோசை ஊற்றிக்கொள்ளலாம்.

மதியம் வெந்த சோறு 150 கிராம், சுமார் 200 கலோரி. அதற்குக் குறைக்க வேண்டாம். ஆனால் காயும் கூட்டும் சேர்ந்து சோற்றைவிட அதிகமாக இருக்கட்டும். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, ஆனால் வயிற்றில் இடமே பிடிக்காது. பொரியலுக்குக் கண்ணளவில் 3 கரண்டி ஊற்றிவிட்டுச் சோற்றில் ஒரு பிடியைக் குறைத்தால் பசிதான் மிச்சம்.

உருளைக்கிழங்கைப் பார்த்து இத்தனை பயமும் தேவையில்லை. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால் அவித்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடம் பிடித்தது. அவித்ததுதான், வறுவல் அல்ல. சர்க்கரை நோய் இருந்தால் அதைச் சோற்றோடு கூட்டாமல், சோற்றுக்குப் பதிலாக வையுங்கள்.

மாலை 5 மணிப் பசிக்கு டீயும் 4 பிஸ்கட்டும் போதாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி கை டப்பாவுக்குப் போகும். அதே 100 கலோரி சொச்சத்துக்கு 30 கிராம் பொட்டுக்கடலை, ஒரு டம்ளர் நீர்மோர். சுண்டலும் நல்லதுதான். ஆனால் பழக்கமில்லாத வயிறு முதல் வாரமே உப்பிப் போய், பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மெத்தென்று வேகவையுங்கள். கால் கப்பில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு கப்புக்கு வரலாம்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதைவிட வேகமாகக் குறைக்கப் பார்த்தால் எந்தச் சுண்டலும் பசிக்கு ஈடுகொடுக்காது. தூக்கம் 5 மணி நேரத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான்.

நன்றாகச் சாப்பிட்டும் அகோரப் பசி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையைச் சோதியுங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீர்ப் பசியோடு வியர்வையும் நடுக்கமும் வந்தால் அது தாழ்சர்க்கரையாக (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோவது) இருக்கலாம். பொறுத்துக்கொண்டிருக்காமல் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். உணவைக் குறைத்த பிறகு இப்படி வந்தால், மருந்தின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.