நான்கு நாள், ஒரே ஊர்: தாமிரபரணிக் கரைக் கிராமத்தில் தங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். நான், மனைவி, 7 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். முழங்கால் வலியும் உண்டு. சொந்த ஊர் வீட்டை விற்று வெகுநாள் ஆகிவிட்டது. மகனுக்கு வயல், ஆறு, நல்ல இருட்டில் நட்சத்திரம் எல்லாம் காட்ட ஆசை. அம்பாசமுத்திரம் பக்கம் அமைதியான ஊர் ஒன்றில் நான்கு நாள் தங்க நினைக்கிறோம். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. எப்போது போகலாம், எங்கே தங்கலாம், எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: ‘யாரையும் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரயில் சீட்டெல்லாம் அப்புறம். கிராமத்தில் தங்கப் போய்ச் சலிப்போடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இடத்தை ஏற்பாடு செய்துவிட்டு ஆளை ஏற்பாடு செய்யாமல் போனவர்கள்தான். பேருந்தை விட்டு இறங்கியதும் ‘யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் இருந்தால், ராத்திரி மகனுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆட்டோ வரும், பால் வரும், எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்ற தகவலும் தானாக வரும்.

ஆளைத் தேட அதிகம் அலைய வேண்டாம். உங்கள் தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சி இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். சென்னை மளிகைக்கடைக்காரர்களில் பலருக்குத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம்தான் சொந்த ஊர். அலுவலகத்திலும் அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடை (கல்லிடைக்குறிச்சி), சேரன்மகாதேவிக்காரர் ஒருவராவது இருப்பார். ‘உங்க ஊரில் நான்கு நாள் தங்க வேண்டும், சாப்பாட்டுக்கும் அறைக்கும் பணம் கொடுத்துவிடுகிறோம், பொறுப்பாக ஒருவர் வேண்டும்’ என்று ஒளிக்காமல் கேளுங்கள். தொலைபேசி எண் கிடைத்ததும் நீங்களே பேசுங்கள். புறப்படுவதற்குள் இரண்டு முறையாவது பேசியிருந்தால் நல்லது.

ஊரைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்பதற்குத் திருப்புடைமருதூர் நன்றாகப் பொருந்தும். கடனா நதி தாமிரபரணியோடு சேரும் இடம் அது. ஆற்றங்கரை மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரையும் கொக்கும் கூடு கட்டும். அந்தப் பறவைகளை ஊர்க்காரர்களே காத்து வந்ததால் 2005இல் அது பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் மரச்சிற்பமும் சுவரோவியமும் இருக்கின்றன. மேலே ஏற முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். படி குறுகல், அம்மா ஏற வேண்டாம். அந்த ஊரில் தங்க வீடு அமையாவிட்டால் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் மூன்றில் ஒன்றில் தங்கிக்கொண்டு காலையும் மாலையும் போய் வரலாம். நான்கு நாளில் குற்றாலம், மணிமுத்தாறு, பாபநாசம், காரையாறு என்று சுற்றத் தொடங்கினால் அது சுற்றுலா ஆகிவிடும்; நீங்கள் கேட்பது அதுவல்ல. ஒரே ஊரில் இருங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை. ஆறு எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளம். வைகாசிக் கடைசி முதல் ஆடி வரை சாரல் காற்று அருமையாக இருக்கும். ஆனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் பாபநாசம் சாலையை நிறைத்துவிடும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயில்களைத் தேடி வெளியூர்க் குடும்பங்கள் எல்லாம் வந்து இறங்கும். அன்றைக்கு ரயிலிலும் இடம் இருக்காது, ஊரிலும் அமைதி இருக்காது. திருப்புடைமருதூரிலேயே தைப்பூசத்துக்குத் தீர்த்தமாடக் கூட்டம் வரும்.

ஆகவே தைப்பூசம் கழிந்து, பங்குனி உத்திரத்துக்கு முன்னால் போங்கள். அதிலும் மாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நான்கு நாள் உங்களுக்கு மிகப் பொருத்தம். சிவராத்திரிக் கூட்டம் அதற்குள் முடிந்திருக்கும். பிறை மெலிதாக வந்து சீக்கிரம் மறைந்துவிடும். எட்டு மணிக்கெல்லாம் வானம் நல்ல இருட்டு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அதற்குக் கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும் தலைக்கு மேலே நிற்கும். பறவைகள் கூட்டில் இருக்கும். பிசானப் பருவ நெற்பயிர் பழுத்து நிற்கும், அல்லது அறுப்பு நடந்துகொண்டிருக்கும். நடுப்பகல் வெயில் சுள்ளென்று இருக்கும். அந்த நேரம் தூங்குவதற்கு.

தேதியை முடிவு செய்வதற்கு முன் உங்கள் ஆளிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: ‘ஊரிலோ பக்கத்து ஊரிலோ கொடை இருக்கா?’ கொடை என்பது ஊர்க் கோயில் திருவிழா. அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்றால் வில்லுப்பாட்டு, மேளம், ஒலிபெருக்கி எல்லாம் விடிய விடிய நடக்கும். பங்குனி, சித்திரை, ஆடி, ஆவணியில் அதிகம். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியில் வரும். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் தூங்கப் போகிறவர்களுக்கு அல்ல.

பயணம் எளிது. தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயில் வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலி வழியாக அம்பாசமுத்திரம் போகிறது. அது அமையாவிட்டால் நெல்லை விரைவு ரயிலில் திருநெல்வேலி இறங்கி, செங்கோட்டைப் பயணிகள் ரயிலைப் பிடியுங்கள். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று நின்று நின்று போகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு அன்றே போட்டுவிடுங்கள். திரும்புவதற்கு ஞாயிறு இரவைத் தவிர்த்தால் இடம் கிடைப்பது சுலபம்.

வீட்டைப் பற்றித் தொலைபேசியில் ‘வசதி எல்லாம் இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள். கழிப்பறை வீட்டுக்குள்ளா, கொல்லையிலா? உட்காரும் கோப்பையா? அம்மாவின் முழங்காலுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காணொளி அழைப்பில் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வாசல்படி எத்தனை, கைப்பிடி உண்டா? கட்டில் எத்தனை? சன்னலில் கொசுவலை அடித்திருக்கிறதா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா? மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீருக்கு என்ன வழி? கோப்பை இல்லை என்றால், மருந்துக்கடையில் விற்கும் மடக்கு கமோடு நாற்காலியைக் கையோடு கொண்டு போங்கள்.

இன்சுலினை முழுக்கக் குளிர்பெட்டியை நம்பி வைக்க வேண்டாம். வீட்டுக்காரர்கள் உறைபெட்டிக்கு ஒட்டி வைத்துவிட்டால் அது உறைந்து கெட்டுவிடும்; பிறகு பயன்படாது. காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், வழியில்தான் இருக்கிறது. அங்கே பெரிதும் சிறிதுமாக இரண்டு பானை வாங்குங்கள். பெரிய பானையில் ஈர மணல் பரப்பி, அதில் சிறிய பானையை இறக்கி, இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளி வெயிலைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். உங்கள் இன்சுலின் எத்தனை நாள் வெளியே தாங்கும் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இனி உணவு நேரம். கிராமத்தில் காலைச் சாப்பாடு சீக்கிரமும் மதியச் சாப்பாடு தாமதமாகவும் அமையலாம். அம்மாவுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு வேண்டும் என்பதை முதல் நாளே சமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குச் சர்க்கரையும் பிஸ்கட்டும் அம்மாவின் பையிலேயே இருக்கட்டும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாமிரபரணி பார்வைக்குச் சாது. ஆனால் மணல் அள்ளிய இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரை அடுத்து ஓர் அடியில் ஆள் உயரப் பள்ளம் இருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. அணைக்கட்டுகளுக்குக் கீழே தண்ணீர் விழுந்து குடைந்த இடங்களில் சுழல் உண்டு. அணையில் திறந்து விட்டால் ஊரில் சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும். எனவே ஊர்ப் பெண்கள் குழந்தைகளோடு குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில், அவர்கள் நிற்கும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். ஆளில்லாத அழகான திருப்பம் ஒன்று கண்ணில் படும். அங்கே ஆளில்லாததற்குக் காரணம் இருக்கும். மகன் எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நீங்கள் நிற்க வேண்டும். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும்; அம்மா மேல்படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ உடனே ஏறிவிடுங்கள். ஆற்றில் சோப்பு வேண்டாம். படித்துறையில் கைபேசியை எடுக்கவே வேண்டாம். அங்கே குளிப்பவர்கள் பெண்கள்.

பாம்பைப் பற்றிப் பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். ஆளைக் கொல்லக்கூடிய கடி பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கால்தான். அறுப்புக் காலத்தில் எலி இடம் மாறும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் தடமும் தெரியாமல் போகலாம். அதனால் நான்கு பேரும் கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் கொசுவுக்கும் பாம்புக்கும் சேர்த்துக் காவல். கட்டில் கிடைக்காவிட்டால் தரையிலும் வலைக்குள்ளேயே படுக்க வேண்டும். இருட்டியபின் கைவிளக்கும் மூடிய செருப்பும் இல்லாமல் கொல்லைக்குப் போகக் கூடாது. காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். வைக்கோல் படப்பிலும் விறகு அடுக்கிலும் மகன் விளையாட வேண்டாம்.

கடித்துவிட்டால்: 108. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, படுக்கவைத்துக் கொண்டு போக வேண்டும். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பச்சிலைக்கு நேரம் கடத்தக் கூடாது. பாம்பைத் தேடியும் போக வேண்டாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து, கண்ணிமை சொருகிப் பேச்சும் குழறினால், கடி தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட்டாக வேண்டும்.

வயலுக்குப் போகும்போது வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். புதிதாகச் சேறு வைத்து அண்டை கட்டிய வரப்பை மிதித்தால் உடைந்து ஒரு வயல் தண்ணீர் அடுத்ததற்கு ஓடிவிடும். மடையில் குழந்தைகள் கல்லைப் போட்டு விளையாடக் கூடாது. மருந்து அடித்த வயலுக்கு அன்றைக்குப் போகவே வேண்டாம், கேட்டால் சொல்வார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை நாலரை முதல் ஆறு வரை வெளியே போனால் போதும். கூடு கட்டிய மரத்தடியில் கை தட்டுவது, பறவை எழும்ப வேண்டும் என்று சத்தம் போடுவது கூடாது; தாய்ப்பறவை எழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். நிற்கக் குடை நல்லது, எச்சம் விழும்.

பெரியவரை ‘அண்ணாச்சி’ என்றும், வயதான பெண்ணை ‘ஆச்சி’ என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். ஊர், வேலை, சம்பளம் எல்லாம் கேட்பார்கள். அங்கே அது அக்கறை. சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பவரும் உண்டு. ‘நாங்க தாம்பரம், இன்னார் வீட்டு விருந்தாளி’ என்று அதே பதிலைச் சிரித்த முகத்தோடு திரும்பச் சொன்னால் போதும். சிறிய மாடன் கோயில்களில் யார் எதுவரை போகலாம் என்பதை வெளியிலேயே கேட்டுக்கொண்டு நுழையுங்கள்.

பணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள்: அறைக்கு இவ்வளவு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு. கடைசி நாள் பேசினால் ‘அதெல்லாம் எதுக்கு’ என்பார்கள். நீங்கள் கொடுத்தது குறைவா கூடுதலா என்று இரண்டு பக்கமும் மனம் உறுத்தும். ‘வேண்டாம்’ என்றே சொன்னால் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துச் சமைத்த அம்மாள் கையிலேயே கொடுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் நிறைய வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் கைபேசியால் பணம் போகாது.

குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர் கேளுங்கள், மகனுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைக்குத் தனிப் பை ஒன்று கட்டாயம். பிஸ்கட் உறை, ஊசி, மருந்து அட்டை எதையும் அங்கே விட்டால் வாய்க்காலுக்கோ அடுப்புக்கோதான் போகும். அம்மாவின் பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தாம்பரத்துக்கே கொண்டு வந்துவிடுங்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினால் அதற்கும் கெட்டி டப்பா ஒன்று வேண்டும். துணிப்பையில் போட்டால் திருநெல்வேலி தாண்டுவதற்குள் நொறுங்கிவிடும்.