அம்மாவின் சுகர் குளிசை முடிந்தால்

கனடாவிலிருந்து வந்த அம்மாவின் குளூக்கோபாஜ் முடிந்துவிட்டது, கொழும்பு வெள்ளவத்தையில் மலிவாக எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். குளூக்கோபாஜ் என்பது கம்பனிப் பெயர், அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரான மெட்ஃபோர்மின் என்று கேளுங்கள். 500 மில்லிகிராமா, 850ஆ என்று பாருங்கள். அதைவிட முக்கியம், சாதாரணக் குளிசையா, மெதுவாகக் கரைவதா என்பது. பெட்டியில் எக்ஸ்ஆர், எஸ்ஆர் என்றிருந்தால் மெதுவாகக் கரைவது. அதை நசுக்கிக் குடுக்கவே கூடாது, நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

பழைய பெட்டியோடு பக்கத்து டொக்டரிடம் போய் மருந்துத் துண்டு எழுதுவியுங்கள். முதலில் அரச மருந்தகமான ஒசுசலவில் விசாரியுங்கள். திரும்பிப் போகும் நாள்வரைக்கும் எண்ணி வாங்கினால் போதும். வழமையான மருந்துச் செலவைப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது, ஆனாலும் பில்லை வைத்திருங்கள்.

மயக்கமோ விடாத வாந்தியோ வந்தால் பாமசிக்கு ஓடாமல் உடனே 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.